பாட்டுக்கு எந்தப் பெட்டி?

உங்கள் வீட்டில் பதினைந்து பதினாறு வயதில் ஒரு பிள்ளை இருந்து, அதற்கு உறுமியோ ஆர்மோனியமோ கொஞ்சம் கைவந்துவிட்டால், இந்தக் கேள்வி இன்றைக்கோ நாளைக்கோ உங்கள் வாசற்படி ஏறத்தான் போகிறது. "அம்மா, நானே சொந்தமா பாட்டுப் போடணும். டேப் வாங்கிக் கொடுங்க" என்று பிள்ளை கேட்கும். "டேப்பெல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டு, லேப்டாப் இருந்தாத்தான் நடக்கும்" என்று அதன் கூட்டாளி சொல்லுவான். நடுவில் நிற்கும் தாய் தகப்பனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். இரண்டும் பளபளப்பு, இரண்டும் பணம்.

என் வயதுக்காரர்களுக்கு டேப் என்றால் கேசட் போடும் பெட்டி. சிக்கிய நாடாவைப் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்தவர்கள் நாங்கள். இங்கே நான் டேப் என்று எழுதுவது, விரலால் தொட்டு நடத்தும் தட்டைக் கணினியை. குழம்ப வேண்டாம்.

அலோர் காஜா வட்டாரத்தில் தோட்டப் பள்ளி ஒன்றில் இருபது ஆண்டுகளாகப் படித்துக் கொடுக்கிறேன். பாடற்குழுவும் என் பொறுப்பு. ஆகவே இரண்டு பெட்டிகளையும் கையாண்டு பார்த்திருக்கிறேன். சங்கீத வித்துவாட்டி அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்ற அளவுதான் என் இசை. ஆனாலும் பெற்றோர் என்னிடம் வந்து கேட்பதால், சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

பணத்தை முதலில் பேசிவிடுவோம். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. புதிய ஐபேட், அதுவும் இருப்பதிலேயே விலை குறைந்த வகை, ஏறக்குறைய 1,500 வெள்ளி. செம்பனைக் குலை வெட்டும் ஒருவரின் ஒரு மாத வேர்வை அந்தக் கண்ணாடிப் பலகைக்குள் போய்விடும். இசைக்கு உதவும் புதிய மடிக்கணினி அதைவிடக் கூடுதல் விலை. ஆனால் அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்ததைச் சீர்செய்து விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே ஆயிரம் வெள்ளிக்கு உள்ளேயே நல்ல பெட்டி கிடைக்கும்.

"டேப்பில் பாட்டுச் செய்ய முடியுமா?" என்று கேட்டால், முடியும் என்பதே பதில். இங்கிலாந்தின் கோரில்லாஸ் குழுவைச் சேர்ந்த டேமன் ஆல்பர்ன், 2010இல் அமெரிக்காவில் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்த நாள்களில், பெரும்பாலும் ஐபேடை வைத்தே ஓர் இசைத்தொகுப்பை முடித்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே வெளியிட்டார். கணினியின் பக்கம் பார்த்தால் நம்மவர்களே முன்னோடிகள். 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைத் துணைக்கு வைத்து இசையமைத்தார். ஏ.ஆர். ரகுமானின் கதை நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கம். அவருக்கு ஒன்பது வயதாகும்போதே, 1976இல், தந்தை ஆர்.கே. சேகர் காலமானார். தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் சாப்பிட்டது. 1989இல் அவர் வீட்டோடு சேர்த்து ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக் கொண்டார். 1992இல் 'ரோஜா' வந்தது. அந்த வீட்டில் இசைப்பெட்டி என்பது அடுப்பை எரிய வைத்த பொருள் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

இனி டேப்பின் நல்ல குணங்கள். திறந்தவுடன் வாசிக்கலாம். ஆப்பிள் நிறுவனத்தின் கேரேஜ்பேண்ட் என்ற செயலி 2011இல் ஐபேடுக்கு வந்தது. இன்று அது இலவசம். கண்ணாடியிலேயே வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை, மத்தளம் எல்லாம் தெரியும். மெல்லத் தட்டினால் மெல்லிய ஒலி, ஓங்கித் தட்டினால் உரத்த ஒலி. நமக்கு இதைவிட முக்கியமான ஒன்றும் அதில் உண்டு. விரலை இழுத்தால் சுருதியும் கூடவே வழுக்கிக்கொண்டு போகும்படி அமைத்துக் கொள்ளலாம். ஆர்மோனியக் கட்டையில் கமகம் வராமல் தவித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மடிக்கணினியிலோ எழுத்துக் கட்டைகள்தான். 'க' எழுதுவதற்கான கட்டையைத் தட்டி 'ஸ' வாசிப்பது வாசிப்பாகுமா? அதற்கென்று தனிக் கட்டைப்பலகை வாங்கிச் செருக வேண்டும். மேலும் சில நூறு வெள்ளி.

ஒன்றைக் கவனியுங்கள். கேரேஜ்பேண்ட் ஆப்பிள் பொருள்களில் மட்டுமே ஓடும். "எல்லா டேப்பும் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பி விடாதீர்கள். விலை மலிந்த ஆண்ட்ராய்டு டேப்கள் பலவற்றில், விரல் தட்டியதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே ஒரு தாமதம் விழும். சின்னத் தாமதம்தானே என்று தோன்றும். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். உறுமி மேளம் முன்னால் போகும்போது, கூட்டத்தின் கடைசியில் நிற்பவர் கைத்தட்டு எப்போதும் பிந்தியே கேட்கும். ஒலி ஒரு விநாடியில் 340 மீட்டர் அளவுதான் போகும். 34 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு அடி பத்தில் ஒரு விநாடி தாமதமாகத்தான் எட்டும். அதே பத்தில் ஒரு விநாடி டேப்புக்குள் விழுந்தால், வாசிக்கிற பிள்ளை தன் தாளத்தையே சந்தேகப்படும். கம்பியில்லாத புளூடூத் ஹெட்போன் மாட்டினாலும் இதே தொல்லைதான். கம்பி உள்ள ஹெட்போனே ஒலிப்பதிவுக்கு ஏற்றது. ஆனால் 2022இல் வந்த ஐபேடிலிருந்து ஹெட்போன் செருகும் துளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குத் தனியாக ஒரு இணைப்புத் துண்டு வாங்க வேண்டும். முன்னேற்றம் என்பது சில வேளைகளில் இப்படித்தான் இருக்கிறது!

இத்தனையும் சொன்ன பிறகு, தீர்ப்பைச் சொல்ல வேண்டுமல்லவா? என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். தீர்ப்பு அதற்குள் இருக்கிறது.

தகப்பனார் குலை வெட்டுகிறார். தாயார் தொழிற்சாலைக்குப் போகிறார். மூத்த பெண் எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படிக்கிறாள், அவள் கட்டுரைகளையெல்லாம் கைத்தொலைபேசியில்தான் தட்டிக் கொண்டிருந்தாள். இளையவன் என் பழைய மாணவன், கோயில் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான். தாயார் கூட்டுக் கட்டி எடுத்த பணம் 1,200 வெள்ளி. அவனுக்கு ஐபேட் மேல் ஆசை. மீதி முந்நூறை எங்காவது கைமாற்றாக வாங்கலாமா என்று மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் பையனிடம், "தம்பி, நீ முதலில் எதைப் பதிவு செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"பாட்டி பாட்டை, டீச்சர். அதுக்குக் கீழே உறுமி வைக்கணும்."

அவன் பாட்டி அந்தக் காலத்தில் பால் மரம் வெட்டியவர். விடியாத இருட்டில் நிரையில் நின்று பாடிய பாட்டுகள், தாலாட்டு, நடவு வேலைக்கு ஊரில் பாடியதாகத் தம் தாயிடம் கேட்டவை என்று பல பாட்டுகள் அவர் நெஞ்சில் இருக்கின்றன. லயத்து வீடுகள் போய், குடும்பம் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. பாட்டி எண்பதைத் தாண்டியவர்; இப்போதெல்லாம் மறதி. அந்தப் பாட்டுகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அப்பொழுதே சொன்னேன்: எந்தப் பெட்டிக்கும் காத்திராதே, இன்று இரவே உன் கைத்தொலைபேசியில் பாட்டியைப் பாட வைத்துப் பதிந்து வை. அழகாக்குவதெல்லாம் பிறகு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது, வாசகர்களே. பெட்டிக்குள் ஆயிரம் வாத்தியம் வைத்திருக்கிறோம் என்கிறார்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் உறுமியின் முனகல் அதில் சரியாக வருவதில்லை. பாட்டியின் குரல் எந்தச் செயலியிலும் கிடையாது. நம் பிள்ளைகள் போடப் போகும் பாட்டில் உயிரான பகுதி, பெட்டிக்கு வெளியே இருந்து மைக் வழியாக உள்ளே போக வேண்டும். அப்படியானால் நமக்கு வேண்டியவை: ஒரு நல்ல மைக், பதிந்ததைக் கொட்டி வைக்க இடம், வெட்டி ஒட்ட வசதியான அகன்ற திரை. நல்ல தரத்தில் பதிந்தால் ஒரு குரல் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டில் குரல், உறுமி, தவில், ஜால்ரா, கோரஸ் என்று 16 தடங்கள் சேர்ந்தால் 550 மெகாபைட். பிடிக்காமல் விட்டு மறுபடி பாடியதையெல்லாம் கணக்கில் எடுத்தால் மூன்று மடங்கு. டேப்பின் நினைவகம் இதற்கு எத்தனை பாட்டு தாங்கும்? மடிக்கணினி என்றால் வெளியே ஒரு சேமிப்புப் பெட்டியைச் சொருகிக் கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

ஆகவே, வீட்டில் ஒரே பெட்டிதான் வாங்க முடியும் என்றால் மடிக்கணினியே வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்து, பிள்ளைக்குக் கட்டை வாசிப்பதில்தான் ஆசை என்றால் ஐபேட் நல்லது. இந்த வீட்டில் அக்காளின் படிப்பும் அதே பெட்டியில் நடக்கும் என்றதும், இதுவரை பேசாதிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

பழைய மடிக்கணினி 900 வெள்ளிக்கு வாங்கினார்கள். மீதியில் ஒரு மைக்கும் கம்பி ஹெட்போனும். வாங்கும்போது நான் பார்க்கச் சொன்னவை: தற்காலிக நினைவகம் 8 ஜிகாபைட்டுக்குக் குறையக் கூடாது, உள்ளே சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும், மைக் செருகிப் பேசிக் கடையிலேயே கேட்டுப் பார்க்க வேண்டும். குரோம்புக் என்பதும் மடிக்கணினி மாதிரியே இருக்கும். அதில் எஃப்.எல். ஸ்டூடியோ போன்ற மென்பொருள்களை ஏற்ற முடியாது. சிங்கப்பூர்க்காரர்களின் பேண்ட்லேப் இணையம் வழியாக அதில் ஓடும். அது போதுமென்றால் சரி.

மென்பொருள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எஃப்.எல். ஸ்டூடியோவின் இலவச முன்னோட்டத்தில் வேலையைச் சேமிக்கலாம், ஆனால் மறுபடி திறக்க முடியாது. பிள்ளைகள் ஓர் இரவு முழுக்க உழைத்துவிட்டுக் காலையில் அழுவார்கள். உடனே யாரோ ஒரு கூட்டாளி திருட்டுப் பிரதி கொடுப்பான். கூடவே வைரசும் வரும். ஆடாசிட்டி முற்றிலும் இலவசம். ரீப்பர் என்பதை 60 நாள் இலவசமாகப் பழகிப் பார்க்கலாம். பிறகு தனியாளுக்கு 60 அமெரிக்க டாலர். மாதாமாதம் சந்தா கேட்கும் எதையும் நம் வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒலிப்பதிவு அறை? படுக்கையறைதான். சுவரில் மெத்தையைச் சாய்த்து, கதவில் போர்வையைத் தொங்கவிட்டார்கள். விடியற்காலையில் சேவல், பிற்பகலில் தகரக் கூரையில் மழை. ஆகவே காலை பத்து மணி. காற்றாடியை நிறுத்தினார்கள். குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம்கூட மைக்கில் விழுகிறது என்று அதையும் அணைத்தார்கள். (மறுபடி போட மறக்காதீர்கள், அந்த வீட்டில் மீன் கெட்டுப்போனது.) பாட்டி வேர்த்துக்கொண்டே, "ஏன்டா தம்பி, பொட்டி ஓடுதா, நான் பாடட்டுமா?" என்று மூன்று தடவை கேட்டாராம். அந்தக் கேள்வியும் பதிவாகியிருக்கிறது. வெட்டி எறியாதே என்று சொல்லியிருக்கிறேன்.

பையனுக்கு ஒரு சங்கடம் வந்தது. பெட்டி 'டக், டக்' என்று சீராகத் தாளம் தட்டிக் காட்டும். பாட்டியின் பாட்டு அதற்குள் அடங்கவில்லை. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கிற இடைவெளி அந்தப் பாட்டில் இருக்கிறது. மூச்சு வாங்கும் இடத்தில் நீளும், கை வேலை செய்யும் இடத்தில் ஓடும். பாட்டியின் குரலைத் துண்டு துண்டாக நறுக்கித் தாளத்துக்குள் அடைக்கப் பார்த்தான். கேட்க யாரோ போலிருந்தது. தாளத்தை அணைத்துவிட்டு, பாட்டியின் குரலைக் காதில் கேட்டபடியே நீ உறுமியை வாசி என்றேன். அவள் பின்னால் நீ நட, உன் பின்னால் அவளை இழுக்காதே. இரண்டு வாரம் பிடித்தது.

இப்போது அந்த வீட்டில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். மாலை முதல் இரவு ஒன்பது வரை அக்காள் முறை, அதன் பிறகு தம்பி முறை. மூன்று பாட்டுகள் முடிந்திருக்கின்றன. நான்காவது பாட்டில் பாட்டிக்கு இரண்டாம் அடி நினைவுக்கு வரவில்லை. கூடவே பால் வெட்டிய தோழி ஒருவர் துரியான் துங்கால் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாராம். அவருக்குத் தெரியும் என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாட்டியையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு அங்கே போகிறார்கள். பழைய பெட்டி, மின்கலம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. மின்கம்பியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.