களவும் கணக்கும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது இலக்கியமோ சமயமோ வரும் என்று எதிர்பார்த்திருப்பர். யாம் எடுத்துக்கொண்டதோ வீடுடைத்துத் திருடுவோரைப் பற்றிய புள்ளிவிவரம். தமிழாசிரியனுக்கு எண்ணோடு என்ன உறவு என்று அன்பர்கள் நகைக்கலாம். எழுத்தறிவிப்போனைப் பண்டைத் தமிழர் கணக்காயர் என்றே வழங்கினர் என்பதை நினைவூட்டி மேலே செல்கின்றோம்.

எழுதத் தூண்டியது ஒரு வாதம். சென்ற விடுமுறையில் இலண்டனிலிருந்து ஏறாவூருக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் எம் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, "சேர், நாடுகளின் பட்டியலைப் பார்த்தீர்களா? களவிலே மேல்நாடுகள்தாம் முன்னிற்கின்றன. நம்மவர் எவ்வளவோ மேல்" என்றார். அருகிருந்த அயலவர், "அப்படியானால் எங்கள் சன்னல்களுக்கெல்லாம் கம்பி எதற்குத் தம்பி?" என்று கேட்டார். இருவரும் எம்மை நோக்கினர்.

பட்டியல் சொல்வது இது. ஐக்கிய அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டு இலட்சம் பேருக்கு 340 வீடுடைப்புகள் பதிவாயின. இந்தியாவிலோ அக்காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சமே பதிவு. 130 கோடி மக்களுக்குப் பகிர்ந்தால் இலட்சம் பேருக்கு எட்டும் தேறாது. நாற்பது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! அமெரிக்கர் அத்துணைக் கள்வரோ?

முதலிற் சொல்லை நோக்குவோம். அது எம் தொழில். திறந்து கிடந்த கதவின் வழியே திருடும் எண்ணத்துடன் ஒருவன் நுழைந்தாலும் அமெரிக்கக் கணக்கில் அது வீடுடைப்பே. இந்தியச் சட்டக்கோவையைத் தழுவி 1883இல் இயற்றப்பட்ட எமது தண்டனைச் சட்டக்கோவையோ, சுவரேறல், பூட்டுத் திறத்தல், மனிதர் புகுதற்கென அமையாத வழியாற் புகுதல் முதலியவற்றையே வீடுடைத்தல் என்கின்றது. நண்பகலில் வாசற் கதவால் நடந்து வந்து வானொலிப் பெட்டியைத் தூக்கிச் செல்பவன் இங்கே வேறொரு நிரலில் அமர்வான். இங்கிலாந்திலும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இரவிற் புகுந்தவனுக்கு ஒரு பெயர், பகலிற் புகுந்தவனுக்கு வேறொரு பெயர். செயல் ஒன்று, பெயர் பல, பட்டியலோ பெயரையே எண்ணும்.

இனி, முறையிடுவோர் யார்? மேல்நாட்டிற் பெரும்பாலான வீட்டுப் பொருள்களுக்குக் காப்புறுதி உண்டு. பொலிசாரிடம் முறையிட்டாலன்றி இழப்பீடு கிடையாது. ஆதலின் விரைந்து முறையிடுவர். அங்கும் கூட வீட்டாரையே நேரிற் சென்று வினவும் ஆய்வு, அமெரிக்காவில் 1973 முதலும் இங்கிலாந்தில் 1982 முதலும் நடைபெறுகின்றது. களவு போன வீடுகளில் ஏறத்தாழச் சரிபாதியே பொலிசாரிடம் சென்றன என்று அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

எம் நிலை என்ன? யாம் சிறுவராயிருந்த போர்க்காலத்தில் எம் தெருவிற் கைம்பெண் ஒருவரின் தையல் இயந்திரம் களவு போயிற்று. அதுவே அவர் பிழைப்பு. அவர் முறைப்பாடு செய்யவில்லை. வழியிற் சோதனைச் சாவடிகள். எழுதப்படும் வாக்குமூலம் அவர் வாசிக்க இயலாத மொழியில். வீட்டிலோ வயது வந்த மகன், அவனை யாரேனும் விசாரிக்கத் தொடங்கினால் என் செய்வது? அம்மன் கோயிலிற் சென்று அழுதார். அந்த இயந்திரம் எந்த நாட்டின் எந்தப் பட்டியலிலும் இல்லை.

விகிதம் என்பதற்குக் கீழெண்ணும் வேண்டுமே! 1981க்குப் பின் எம் மாவட்டத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இலேயே நிகழ்ந்தது. 1991இல் நாடு முழுவதிலும் எடுக்கப்படவில்லை. 2001இல் எம் மாவட்டத்தில் நிறைவுறவில்லை. முப்பத்தோர் ஆண்டுகளாக மேலெண்ணும் உறுதியில்லை, கீழெண்ணும் உறுதியில்லை.

கொலைக் கணக்கு ஒன்றே நாடுகளுக்கிடையே ஒப்பிடத் தக்கது என்பர் அறிஞர். உடலை மறைத்தல் அரிது என்பது அவர் கூறும் காரணம். காணாமற் போன மக்களின் படத்தை ஏந்தி நிற்கும் தாய்மாரைக் கண்ட எம்மால் அதனையும் முழுதாக ஏற்க இயலவில்லை.

எண் பெருகினாற் களவு பெருகிற்று என்று பொருளன்று. மக்கள் அஞ்சாது பொலிஸ் நிலையத்துக்குச் செல்லத் தொடங்கினர் என்றும் பொருளாகலாம். குற்றம் 'துலங்கிற்று' என்ற நிரலையும் ஐயத்தோடே நோக்கல் வேண்டும். சிலப்பதிகாரத்திற் பொற்கொல்லன், கள்வர் கைக்கொள்ளும் எட்டு வழிகளையும் காவலர்க்கு எடுத்தோதிக் கோவலனைக் குற்றவாளியாக்குகின்றான். பாண்டியன் அவையில் அவ்வாண்டுக்கு ஒரு பதிவேடு இருந்திருப்பின், சிலம்புக் களவு அன்று மாலையே துலங்கியதாக எழுதப்பட்டிருக்கும்.

அடுத்த தவணையில் எம் கணித ஆசிரியரோடு கூடி மாணவர் வாயிலாக வீடுதோறும் ஒரு படிவம் அனுப்ப எண்ணியுள்ளோம். வினாக்கள் இரண்டே: சென்ற ஐந்தாண்டில் உங்கள் வீட்டிற் களவு போயிற்றா? போயிற்றெனில் முறையிட்டீர்களா? பெயர் எழுத வேண்டியதில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர்களும் தத்தம் வீட்டு விடையை எழுதி அனுப்புவார்களாயின், இரு பக்கத்துக்கும் ஒரே வினாவாக இருக்கும்.