பத்து மூட்டை டட்சன்

எஞ்சின் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில், முன்மூடி கழற்றப்பட்ட ஒரு டட்சன் 1200 பிக்கப் வாயைத் திறந்தபடி நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது போமன் அண்ணன் எஞ்சினைப் பார்க்கவில்லை. தரையில் குந்தி, பின்சக்கரத்துப் பட்டை ஸ்பிரிங்குகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார்.

செலண்டார் பட்டணத்தைத் தாண்டிச் செம்பனை தொடங்கும் இடத்தில் இருக்கிறது அவருடைய தகரக்கொட்டகை. மலாக்காவின் ஜாசின் மாவட்டம். தான் சாய் யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வியாபாரப் பயிராக நட்டது இதே மாநிலத்தில்தான். அதன் பின்னே வந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது இந்தக் கொட்டகைக்கு வண்டி கொண்டுவருகிறார்கள். மெக்கானிக்கை இங்கே போமன் என்பார்கள். இவருடைய அப்பா தோட்டத்து ஸ்டோரில் ரப்பர்ப் பால்கட்டியைத் தகடாக்கும் மிஷினுக்கு எண்ணெய் விட்டவர். "அந்த மிஷின் சத்தத்த வச்சே எங்க தேயுதுன்னு அப்பா சொல்லுவாரு தம்பி. காது சரியா இருந்தா போதும், பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்றார்.

வண்டிக்காரர் மாடு வளர்ப்பவர். எட்டுக் கறவை வைத்திருக்கிறார். புல்கட்டும் பிண்ணாக்கு மூட்டையும் இந்தப் பிக்கப்பில்தான் வருகின்றன. மழை பெய்த செம்மண் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்குகிறது, முதல் கியரில்கூடத் திணறுகிறது என்பது அவர் குறை. புது வண்டி வாங்க வசதி இல்லை. அப்பா ஓட்டிய வண்டி என்பதால் இதை விற்கவும் மனமில்லை.

அதற்குத்தான் இந்தப் பெரிய எஞ்சின். பழையது ஏ12, 1,171 சிசி. தொங்கிக்கொண்டிருந்தது ஏ15, 1,488 சிசி. இரண்டும் நிஸ்ஸானின் ஒரே குடும்பம்: இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், உள்ளே ஐந்து மெயின் பேரிங். சிலிண்டரின் அகலம் 73 மில்லிமீட்டரிலிருந்து 76 ஆகிறது. அது பெரிய மாற்றமில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 70இலிருந்து 82 ஆவதுதான் விஷயம். கிராங்கின் கை 35 மில்லிமீட்டரிலிருந்து 41 ஆக நீள்கிறது. பெடல் கட்டை நீளமான சைக்கிளில் மேட்டை மிதித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். வேகமாகச் சுற்றாமலே வண்டி இழுக்கும். ஏற்றத்துக்கு வேண்டியது அதுதான்.

இந்த எஞ்சின் வந்த கதையைக் கேட்டேன். 1957இலிருந்து டட்சனை இந்த நாட்டில் விற்கத் தொடங்கிய தான் சோங் நிறுவனம், 1976இல் செகாம்புட்டில் தொழிற்சாலை திறந்தது. தோட்டத்துப் பாதைகளில் 120ஒய் காடிகள் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிறகு நிஸ்ஸான் வானெட் வேன்கள் வந்தன. இரவுச் சந்தையான பாசார் மாலத்துக்குக் காய்கறி, பள்ளிக்குப் பிள்ளைகள், எல்லாம் அதில்தான். அந்த வேனுக்குள் இருந்தது இதே ஏ15. போமன் அண்ணன் இதைக் கெடை பொத்தோங்கில், பழைய வண்டிகளை வெட்டிப் பாகமாக விற்கும் கடையில், எடுத்தார். வேனின் நீள இருக்கைகள் இன்னும் உள்ளேயே கிடந்தனவாம். பள்ளி வேனாகத்தான் இருந்திருக்கும் என்கிறார்.

ஒரே குடும்பம் என்பதால் அப்படியே உட்கார்ந்துவிடாது. ஏ15இன் பிளாக் உயரம் கூடியது. அதனால் புகைக்குழாயின் வாய் பழைய இடத்தில் நிற்காது. வெட்டி, வளைத்து, ஒட்டுவைக்க வேண்டும். கார்புரேட்டருக்கு மேலே காற்று வடிகட்டி முன்மூடியைத் தொடாமல் இருக்கிறதா என்று, எஞ்சின் இறங்கியபின் களிமண் உருண்டையை மேலே வைத்து மூடிப் பார்த்தார். உருண்டை விரல் கனத்துக்கு நசுங்கி நின்றது. போதும் என்றார். எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி, வேனுக்கென்று செய்த வடிவம். பிக்கப்பின் குறுக்குச் சட்டத்தில் முட்டும். எனவே பழைய ஏ12இன் தொட்டியை, எண்ணெய் உறிஞ்சும் குழாயோடு சேர்த்து மாற்றினார். "தொட்டிய மட்டும் மாத்திட்டுக் குழாய மறந்துட்டா, எண்ணெய் ஒரு பக்கம், குழா வாய் ஒரு பக்கம். ஒரு வாரத்துல பேரிங் போயிடும்." பக்கத்தில் நின்ற பையன், "சரி அங்கிள்" என்று அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். அந்த நோட்டைத்தான் நான் பொறாமையோடு பார்த்தேன். இந்தத் தொழில் இத்தனை காலம் காதிலும் கையிலுமே இருந்துவிட்டது. எழுதிவைக்க ஒருவன் வந்திருக்கிறான்.

பெரிய எஞ்சின் போட்ட டட்சன் ஒன்றும் புதுமையில்லை. தென்னாப்பிரிக்காவில் நிஸ்ஸான் நிறுவனமே இதே பிக்கப்பில் 1,397 சிசி ஏ14 எஞ்சினை வைத்து, 2008 வரை விற்றது. பிக்கப்பை அங்கே பக்கி என்பார்கள். தொழிற்சாலையே செய்த வேலையைத்தான் செலண்டாரில் ஒரு மனிதர் செயின் பிளாக்கும் அளவுகோலும் வைத்துச் செய்துகொண்டிருந்தார்.

மாட்டுக்காரர் மத்தியானம் வந்தார். தே தாரிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பேச்சு எஞ்சினிலிருந்து மூட்டைக்குப் போனது.

"அண்ணே, இனிமே பதினாலு மூட்டை ஏத்தலாம்தானே?"

"மூட்டை என்ன கனம்?"

"அம்பது கிலோ."

"அப்ப பத்துதான். இந்த வண்டி ஐந்நூறு கிலோவுக்குச் செஞ்சது."

"எஞ்சின் பெருசாச்சேண்ணே!"

போமன் அண்ணன் அவரைக் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஸ்பிரிங்கைக் காட்டினார். அச்சைக் காட்டினார். சட்டத்தில் துரு தின்று தான் பற்றவைத்த இடத்தைக் காட்டினார். "இதெல்லாம் பெருசாகல தம்பி. எஞ்சின் ஏறுறதுக்கு. எறங்குறதுக்கு இது."

எனக்கு அன்றைய நாளின் முக்கியமான வேலை அப்போதுதான் கண்ணில் பட்டது. முன்சக்கரங்களில் டிரம் பிரேக் போய், 120ஒய் காரிலிருந்து எடுத்த டிஸ்க் பிரேக் ஏறியிருந்தது. ரேடியேட்டரும் கனமானதாக மாறியிருந்தது. எஞ்சினை இறக்குவதற்கு முன்பே இவை இரண்டையும் முடித்துவிட்டார். கூலியில் பாதிக்குமேல் இவற்றுக்குத்தான் போகிறது என்று மாட்டுக்காரருக்கு முதலில் மனக்குறை. அதைக் கேட்டும் அண்ணன் வரிசையை மாற்றவில்லை. இதுதான் இந்தத் தொழிலின் நேர்மை என்று நான் நம்புகிறேன். குதிரைச் சக்தியைக் கூட்டிக்கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். நிறுத்தத்தை முதலில் போடுகிறவரைத் தேடித்தான் போக வேண்டும். காகித வேலையையும் அவர் தள்ளிவைக்கவில்லை. எஞ்சின் எண் மாறினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி, புஸ்பாகோம் வாகனச் சோதனை, கிராண் எனப்படும் பதிவுச் சான்றில் திருத்தம் எல்லாம் வேண்டும். வேனின் பத்திரங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தார்.

அஞ்சு மணிக்கு எஞ்சின் இறங்கியது. பையன் சங்கிலியை இழுக்க, அண்ணன் ஒரு கையால் கியர் பாக்ஸின் தண்டை வழிகாட்டினார். கொஞ்சம் தள்ளினார், நிறுத்தினார், கிராங்கைச் சாவியால் கால் சுற்று சுற்றினார். "டக்" என்று உட்கார்ந்தது. யாரும் பேசவில்லை.

சோதனையும் அனுமதியும் முடிந்தபின் மாட்டுக்காரர் என்னை அழைத்தார். பிண்ணாக்குக் கடை வாசலில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பத்தாவது ஏறியதும் கடைப் பையன் பதினொன்றாவதைத் தோளில் தூக்கினான். மாட்டுக்காரர் அதைத் தட்டி இறக்கி, மறுநாள் வருவதாகச் சொன்னார். செம்மண் ஏற்றத்தில் வண்டி இரண்டாம் கியரிலேயே ஏறியது. உச்சியில், தேவையே இல்லாமல், ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்த்தார்.