பங்குனி ஆமை கரையேறும் இரவு

கொட்டிவாக்கம் என்றதும் நம்மில் பலருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரைச்சலே நினைவுக்கு வரும். அச்சாலைக்குக் கிழக்கே, மீனவர் குப்பத்தை அடுத்த மணற்கரைக்குத் தை முதல் பங்குனி வரை ஆண்டுதோறும் வந்து போகும் ஒரு விருந்தாளியைக் கண்டவர் சிலரே. அவ்விருந்தாளி கடலாமை. நூலோர் இதனைச் சிற்றாமை என்பர். மீனவரோ பங்குனி ஆமை என்பர். மீனவர் இட்ட பெயரே நமக்கு உவப்பானது.

1988ஆம் ஆண்டு முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இப்பருவத்தில் இரவுதோறும் இக்கரையில் நடந்து வருகின்றனர். நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையில் புறப்பட்டு, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடை. மாசி மாத இரவொன்றில் பங்கு இளைஞர் சிலருடன் நாமும் அவர்களோடு சென்றோம். டார்ச் விளக்கு கூடாது, உரத்த பேச்சும் கூடாது என்பது கட்டளை. ஈர மணலில் நடப்பது கால்களுக்கு எளிதன்று என்பதை ஐம்பதைக் கடந்தோர் அறிந்து வருவது நலம்!

கொட்டிவாக்கத்தை அடைந்தபோது, டிராக்டர் சக்கரம் பதிந்தாற்போன்ற தடம் ஒன்று அலையோரத்திலிருந்து மேட்டை நோக்கிச் சென்றது. அதன் முடிவில் தாய் ஆமை பின்துடுப்புகளால் மணலைக் கோலிக் கொண்டிருந்தது. சுமார் ஒன்றரை அடி ஆழம். உருவோ குடம் போன்றது. தோண்டி முடித்ததும், மேசைப்பந்து போன்ற வெண்முட்டைகளைக் குழியில் இட்டது. ஒரு முறைக்கு நூறு முட்டை வரை, சிலபோது அதற்கும் மேல், இடுமாம். அதன் கண்களில் நீர் வழிந்தது. உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை அது என்று உடன் வந்த மாணவர் விளக்கினார். அருகில் நின்ற மீனவப் பெரியவரோ, "பெத்தவ அழுவாம இருப்பாளா சாமி?" என்றார். நாம் இருவரையும் மறுக்கவில்லை. பின்னர் அது குழியை மூடி, தன் உடலால் மணலைத் தட்டிக் கெட்டியாக்கி, திரும்பிப் பாராமல் கடலில் இறங்கிற்று.

முட்டைகளை மாணவர்கள் பையில் எடுத்துக் கொண்டனர். தாய் இட்ட இடத்திலேயே விட்டால் என்ன என்று நம் இளைஞர் ஒருவர் வினவினார். குஞ்சுகள் இரவில் வெளிவந்து, ஒளி மிகுந்த திசையை நோக்கியே ஓடும். முற்காலத்தில் அத்திசை கடலாக இருந்தது. இன்றோ அது நம் வீதி விளக்கு. சாலைப் பக்கம் ஓடும் குஞ்சை நாயும் காக்கையும் விடுவதில்லை. ஆகவேதான் வேலியிட்ட பொரிப்பகத்தில் முட்டைகளை மீண்டும் புதைக்கின்றனர்.

இந்த நடைக்கு முன்னோடிகள் உண்டு. 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையின் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இக்கரையில் நடந்தனர். அவர்களுள் ஒருவரான சதீஷ் பாஸ்கர் 1982இல் ஆமைகளை ஆராய இலட்சத்தீவுகளைச் சேர்ந்த ஆளற்ற சுஹேலித் தீவில் மழைக்காலம் முழுதும் தனித்திருந்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். இலங்கை மீனவர் ஒருவர் அதனைக் கண்டெடுத்து அஞ்சலில் அனுப்பி வைத்தாராம்!

ஆயினும் 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு மூச்சு விட மேலே வர வேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கினால் மூழ்கி இறக்கும். கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் அப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்பது விதி. மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. அதற்குள் முட்டையிடும் பருவம் பெரும்பாலும் முடிந்து விடுகிறது. இதற்காகக் குப்பத்துச் சிறு மீனவரைப் பழிப்பது முறையன்று. விசைப்படகால் வலை அறுந்து நிற்பவர் அவரே.

பொழுது புலரும் வேளையில் பொரிப்பகத்தை அடைந்தோம். மாணவர் ஒருவர் முழங்கை வரை கையை மணலில் விட்டுக் குழி பறித்து, முட்டைகளை எண்ணி எண்ணி உள்ளே வைத்தார். மூடிய குழிமீது நாளும் எண்ணிக்கையும் எழுதிய சிறு அட்டையை நட்டார். குஞ்சு பொரிக்க இன்னும் 45 முதல் 55 நாள் ஆகும்.