எதில் வெந்தது என்று கேளுங்க

1/ போன சனிக்கிழமை டூட்டி முடிச்சு, காலேஜ் நண்பர்கள் நாலு பேர் புதுசா திறந்த ஸ்பானிஷ் ஹோட்டலுக்குப் போனோம். செம கூட்டம். முக்கால் மணி நேரம் நின்னுதான் டேபிள் கிடைச்சது.

2/ பாயெல்லா சொன்னோம். வலென்சியா பக்கத்துச் சோறு. குங்குமப்பூ போட்டு, அகலமான தட்டைச் சட்டியில் கிளறாம வேக வைப்பாங்க. அடியில் பிடிக்கிற காந்தல்தான் அங்கே விசேஷம்.

3/ ஒருத்தனுக்கு இறால் ஆகாது. அதனால சிக்கன் பாயெல்லா. பத்தே நிமிஷத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்மிப் போச்சு. கேட்டா, சோறு வெந்தது இறால் ஓடு கொதிக்க வைச்ச தண்ணியில்!

4/ "செட்ரிசின் போட்டா சரியாயிடும்டா"ன்னான். ஆகாதுங்க. தடிப்போட மூச்சோ குரலோ பாதிச்சா அது அனாபிலாக்ஸிஸ். முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். மாத்திரையை நம்பி உட்காரக் கூடாது.

5/ பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் சில நிமிஷத்தில் குரல் தெளிஞ்சுது. அடங்கினது சில மணி நேரம் கழிச்சுத் திரும்பலாம். அதனால ராத்திரி அங்கேயே வைச்சுப் பார்த்தாங்க.

6/ வார்டுல தினமும் "என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேக்கிற நான், அன்னைக்கு ஆர்டர் சொல்லும்போது கேக்கல. அது என் தப்பு. அலர்ஜி இருக்கவங்க "என்ன போட்டீங்க?"ன்னு மட்டும் இல்ல, "எதில் வேக வைச்சீங்க?"ன்னும் கேளுங்க. மூச்சு திணறினா உடனே 108.