நீலக் குளிசை

1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு ஓடின கதையைத் தெல்லிப்பழையில் யாரைக் கேட்டாலும் மணிக்கணக்காகச் சொல்லுவார்கள். நானும் சொல்லுவேன். சைக்கிள் கரியரில் அம்மா, ஹான்டிலில் அரிசிப் பை. ஆனால், அறுபது தாண்டிய பிறகு என் உடம்புக்குள் நடந்ததைப் பற்றி நெடுநாள் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை.

புரொஸ்ரேற்றில் புற்றுநோய். எங்கள் ஊரிலேயே அதற்கு ஆஸ்பத்திரி உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் எழும்பி, 2013இல் திறந்தது. ஒப்பரேசனுக்கு மட்டும் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சலம் கொஞ்ச நாள் கசியும் என்றார்கள். மற்றதை ஒருவரும் சொல்லவில்லை. நான் கையெழுத்து வைத்த ஆங்கிலப் படிவத்தின் ஏதாவது ஒரு மூலையில் அது இருந்திருக்கும்.

குழாயைக் கழற்றினார்கள், கசிவும் நின்றது. ஆண்குறியில் மட்டும் அசைவில்லை, விடியற்காலையிலும் இல்லை. வெக்கை என்று சாட்டுச் சொல்லி விறாந்தைக் கட்டிலுக்கு மாறினேன். மனுசி ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் துர்க்கை அம்மன் கோயிலுக்குப் போய்வந்து என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டா.

பிறகு ஒரு டொக்ரர் சில்டெனபில் எழுதித் தந்தார். வயக்ரா என்று ஊர் சிரிக்கிற அதே நீலக் குளிசை. சுன்னாகத்தில் பாமசிப் பெடியன் என்னிடம் கணக்குப் படித்தவன். அதனால் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே நின்றதும் என் மாணவிதான்! "சேர், கொழுப்புச் சாப்பாட்டோட போட்டால் வேலை செய்யப் பிந்தும். நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை பாவிக்கிறீங்களோ? அப்பிடியெண்டால் இது கூடவே கூடாது, பிரஷர் விழுந்திடும்" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. கொழும்பில் எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

குளிசை வேலை செய்யவில்லை. இலண்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகனுக்கும் இதே ஒப்பரேசன் நடந்தது. அவர் போனில் நேரடியாகக் கேட்டார்: "தம்பி, குளிசையில பிழையில்லை. நரம்பு மிச்சம் இருக்கோ எண்டு கேட்டனியோ?"

அங்கேதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. ஆசை வந்தால் நரம்பு நுனிகள் நைத்திரிக் ஒட்சைட்டை விடும். அதனால் உள்ளே உண்டாகிற ஒரு பொருள் இரத்தக்குழாய்களைத் தளர்த்தும். சில்டெனபில் அந்தப் பொருள் கெதியாக அழியாமல் காக்கும், அவ்வளவுதான். நரம்பே இல்லாவிட்டால் காக்க என்ன இருக்கிறது? புரொஸ்ரேற்றின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஓடுகிற அந்த மெல்லிய நரம்புகளைக் காப்பாற்றி ஒப்பரேசன் செய்கிற முறையை, அமெரிக்காவில் பற்றிக் வோல்ஷ் 1982இலேயே செய்து காட்டிவிட்டார். காப்பாற்றினாலும் இழுபட்ட நரம்பு எழும்ப ஒன்றரை, இரண்டு வருஷம் பிடிக்கலாம்.

வேறொரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் மனுசியோடு போனேன். பழைய அறிக்கையைப் படித்துவிட்டு, இடப்பக்க நரம்பைப் புற்றுநோய் நெருங்கியிருந்ததால் எடுத்துவிட்டார்கள், வலப்பக்கம் இருக்கிறது என்றார். எடுத்ததில் எனக்குக் குறையில்லை, உயிர் பெரிது. சொல்லாததில்தான் குறை.

அவர் காட்டிய அடுத்த வழி ஊசி. அல்புரொஸ்ரடில் என்ற மருந்தை மெல்லிய ஊசியால் ஆண்குறியின் பக்கவாட்டில் ஏற்றுவது. நரம்பைக் கேளாமல் அது நேரே இரத்தக்குழாயைத் தளர்த்தும். கேட்கவே கூசினேன். 1983இல் லாஸ் வேகாஸில் ஜைல்ஸ் பிரின்ட்லி என்ற விஞ்ஞானி இந்த மாதிரி ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டு வந்து, டொக்ரர்கள் நிறைந்த சபையில் உடுப்பைக் கழற்றிக் காட்டினாராம். அந்தக் கதையைக் கேட்டதும் மனுசி வாய்விட்டுச் சிரித்தா. வீட்டுக்கு வந்து, "இஞ்சாருங்கோ, இதுக்கோ இவ்வளவு நாளும் விறாந்தையில படுத்தனீங்கள்?" என்றா.

ஊசி வேலை செய்தது. நோ இருக்கும், நாலு மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரண்டாம் வருஷம் வலப்பக்க நரம்பு எழும்பியிருக்க வேண்டும், குளிசையும் அரைவாசி கேட்கத் தொடங்கியது. பழையபடி இல்லை.

இந்த ஒப்பரேசனுக்கு நாள் குறித்திருக்கிறவர்கள் கையெழுத்து வைக்க முதல் கேளுங்கோ: எந்தப் பக்க நரம்பை விடப் போகிறீர்கள், பிறகு என்ன மருந்து தருவீர்கள்? போகும்போது மனுசியையும் கூட்டிக்கொண்டு போங்கோ.