தலை அசைந்தாலும் அசையாத உலகம்



மேலே படிப்பதற்கு முன் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். கையை நீட்டி, ஆள்காட்டி விரலைக் கண்ணுக்கு நேரே நிறுத்துங்கள். தலையை அசைக்காமல் விரலை மட்டும் வலமும் இடமுமாக வேகமாக ஆட்டுங்கள். விரலின் கோடுகள் கலங்கிவிடும். இப்போது விரலை அசையாமல் வைத்து, தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். கோடுகள் தெளிவாகவே தெரியும். ஆடுவது விரலாயினும் தலையாயினும் அசைவின் அளவு ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

விரல் ஆடும்போது அதைத் துரத்திச் செல்வது பார்வையின் வேலை. விழித்திரையில் விழுந்த உருவத்தை மூளை ஆராய்ந்து கண்ணைத் திருப்புவதற்குள் ஏறத்தாழ 100 மில்லி விநாடிகள் கழிந்துவிடுகின்றன. தலை ஆடும்போதோ, பார்வைக்காக எதுவும் காத்திருப்பதில்லை. உட்காதில் பக்கத்துக்கு மூன்றாக அமைந்த அரைவட்டக் குழல்கள் தலையின் திருப்பத்தை உடனே உணர்கின்றன. அங்கிருந்து மூளைத்தண்டுக்கும், மூளைத்தண்டிலிருந்து கண் தசைகளுக்கும் மூன்றே நரம்பணுக்களின் தொடர் வழியே செய்தி செல்கிறது. ஏறத்தாழ 10 மில்லி விநாடிகளில், தலை திரும்பிய திசைக்கு எதிர்த்திசையில் கண் திரும்பிவிடுகிறது. ஆகவே நாம் நடந்தாலும், குனிந்தாலும், படியேறினாலும் உலகம் நம் முன் நிலையாக நிற்கிறது.

இந்த அருட்கொடை பறிபோனால் வாழ்க்கை எவ்வாறு இருக்கும்? 1952ஆம் ஆண்டு ஓர் அமெரிக்க மருத்துவர் தம் அனுபவத்தை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து அவருடைய இரு காதுகளின் சமநிலை உறுப்புகளையும் பாழாக்கிவிட்டது. படுக்கையில் சாய்ந்து புத்தகம் படிக்க முயன்றால், நாடித் துடிப்பினால் தலையில் உண்டாகும் நுண்ணிய அசைவே எழுத்துகளைக் குதிக்கச் செய்தது. கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கி வைத்துப் பார்த்தார். நம் தலை ஒவ்வொரு துடிப்புக்கும் அசைகிறது என்பதையே நாம் அறியாதிருக்கிறோம். அறியாதபடி நாம் காக்கப்பட்டிருக்கிறோம்.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் வாப்பா. எழுபதைக் கடந்த அவர், ஐவேளையும் ஜமாஅத்துடன் தொழுபவர். ஒருநாள் ஃபஜ்ர் தொழுகையில் ஸுஜூதிலிருந்து எழுந்தபோது பள்ளிவாசலே சுழல்வதுபோல் இருந்ததாகச் சொன்னார். அன்று முதல் குனியும்போதும், படுக்கையில் வலப்புறம் புரளும்போதும் அதே சுழற்சி. இரத்த அழுத்தம் என்றார் ஒருவர். பித்தம் என்றார் மற்றொருவர். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையால் தூக்கம் வந்ததே தவிரச் சுழற்சி நிற்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து தொழுமாறு உம்மா சொன்னபோது, “நெற்றி தரையில் படாத தொழுகை எனக்கு எதற்கு?” என்று கூறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தைவிட, ஸுஜூது தம்மிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டதோ என்ற அச்சமே அவரை வாட்டியது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. வாப்பாவை உட்காரவைத்து, தலையை வலப்புறம் 45 பாகை திருப்பி, அப்படியே பின்னால் சாய்த்து, தலை சற்றுத் தாழுமாறு படுக்கவைத்தார். “கண்ணை மூடாதீர்கள் ஐயா” என்றார். சில விநாடிகள் ஒன்றும் நிகழவில்லை. பிறகு வாப்பாவின் விழிகள் தாமாகவே மேல்நோக்கித் துள்ளித் துள்ளிச் சுழலத் தொடங்கின. அரை நிமிடத்துக்குள் அடங்கின. மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்னும் இருவர் 1952இல் விளக்கிய சோதனை இது. காதில் உள்ள கோளாற்றைக் கண்ணின் அசைவு காட்டிக்கொடுக்கிறது.

நோய்க்குக் காரணம் மிகச் சிறியது. உட்காதில் புவியீர்ப்பை உணரும் ஒரு பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்துள்ளன. முதுமையில் அவற்றுள் சில கழன்று அரைவட்டக் குழலுக்குள் போய்விடுவதுண்டு. தலை சாயும்போது அவை உருண்டு, குழலிலுள்ள நீரை அசைக்கின்றன. தலை நின்ற பின்னும் அது திரும்பிக்கொண்டிருப்பதாகக் காது சொல்கிறது. கண்ணும் அதை நம்பிச் சுழல்கிறது. ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992இல் வெளியிட்ட முறைப்படி, தலையைப் படிப்படியாகத் திருப்பி அத்துகள்களை மீண்டும் பைக்கே அனுப்பிவிடலாம். வாப்பாவுக்கு அதுவே செய்யப்பட்டது. ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை தேவைப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், அதன்பின் அவர் நெற்றி தரையைத் தொட்டது.

இந்நோய் சிலருக்குத் திரும்பவும் வரும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். எனவே அந்த இடைக்கால நாட்களைப் பற்றியும் நாம் சிந்திக்க வேண்டும். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. தொழுகையைப் பற்றி அவர்கள் கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அதுவும் பிறர் கண்ணுக்குப் புலப்படாத நோய்தான். பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரைக் கண்டு, “நன்றாகத்தானே நடந்து வந்தார்?” என்று நினைக்கத் தோன்றும். அவர் நடந்து வந்தது உண்மை. குனிந்தால் அவருக்கு உலகம் சுழல்வதும் உண்மை. சலுகையை அளித்தவன் அல்லாஹ். அதை ஏற்றுக்கொள்பவர் வெட்கப்படத் தேவையில்லை. பார்ப்பவர் அவரை எடைபோடவும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். எல்லாத் தலைச்சுற்றலும் காதினால் வருவதன்று. சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, முகம் கோணினாலோ, எழுந்து நடக்கவே முடியாமற்போனாலோ அது பக்கவாதமாக இருக்கக்கூடும். வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் நன்றி செலுத்தும்போது, பார்ப்பதற்கும் கேட்பதற்குமே நன்றி சொல்லிப் பழகிவிட்டோம். கேட்கும் காதுக்குள்ளேயே நம்மை நிமிர்த்தி நிறுத்தும் ஓர் உறுப்பும் இருக்கிறது. தக்பீர் கட்டி நிற்பது முதல் ஸலாம் கொடுத்துத் தலையைத் திருப்புவது வரை ஒவ்வோர் அசைவிலும் அது நமக்காக உழைக்கிறது. வல்ல அல்லாஹ் அதன் நலத்தை நம் அனைவருக்கும் நீட்டித்துத் தருவானாக. அதை இழந்து தவிப்போருக்கு ஷிஃபாவும் பொறுமையும் அருள்வானாக. ஆமீன்.