முன்பணம் கொடுத்த கத்தரிக்காய்

களுதாவளை மணலில் தண்ணீர் நிற்பதில்லை. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. நடுவிலுள்ள மணற்பரப்பில் கிணற்றை நம்பியே மரக்கறியும் வெற்றிலையும் பயிராகின்றன. இடுகின்ற பசளையும் நீரோடு கீழிறங்கிவிடும். ஆகவே, அடிக்கடி இடவேண்டும்.

2021இன் தொடக்கத்தில் அவ்வூர்த் தோட்டக்காரர் ஒருவருக்கு நாங்கள் ஐந்து குடும்பத்தினர் முன்பணம் கொடுத்தோம். கிழமைதோறும் விளைச்சலில் எமக்கொரு பங்கு. விளையாவிட்டால் நட்டத்திலும் பங்கு. யப்பானில் 1970களிலேயே இவ்வழக்கம் ‘தெய்கெய்’ என்ற பெயரில் வேரூன்றியிருந்தது. 1986இல் அமெரிக்காவிலும் இத்தகைய பண்ணைகள் தொடங்கின. இவற்றையெல்லாம் நண்பர்களுக்கு விளக்கியவன் நானே.

மே மாதம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. சேதனப் பசளைக்கு மாறுவதற்கு அவகாசமே இருக்கவில்லை. வெளிறிய இலைகளோடு கத்தரி நின்றது. கூடை பாதியானது, பிறகு கால்வாசியானது. விவசாயியின் நட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் எத்தனையோ பத்திகள் எழுதியவன்தான். ஆனாலும் கொடுத்த பணத்துக்குச் சந்தையில் எவ்வளவு வாங்கியிருக்கலாமென்று மனம் கணக்குப் போட்டது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் அவரே வந்தார். “ஐயா, பாதிக் காசைத் திருப்பித் தாறன்” என்றார். கையில் நோட்டுகளும் இருந்தன. பேச்சு அப்படியல்லவே என்று மறுத்தேன். நெடுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

தடை நவம்பரில் நீங்கியது. அதற்குள் அந்தப் போகம் முடிந்திருந்தது.

அவர் வந்துபோன மறுகிழமை கூடையில் நான்கு கத்தரிக்காய்கள் இருந்தன. அவற்றின்மேல் ஒரு கட்டு வெற்றிலை. எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை.